முதல் ஊசியும் அன்றைய ராத்திரியும்

கேள்வி இது: "குழந்தைக்கு இன்று 39 நாள். வருகிற புதன்கிழமை 45-ஆம் நாள் ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார் நர்ஸ். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்த ஊசி போட்டபின் இரண்டு ராத்திரி காய்ச்சல், தொடை கல் மாதிரி வீங்கிவிட்டது. மாமியார் 'மூணு மாசம் ஆகட்டும், பிள்ளை கொஞ்சம் தேறட்டும்' என்கிறார். கணவர் 'தனியார்ல வலியில்லாத ஊசி இருக்காம், அதைப் போட்டுக்கலாம்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எனக்கு இது முதல் குழந்தை."

புதன்கிழமையே தூக்கிக்கொண்டு போங்கள். 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகளுக்கு வராது. ஆனால் வரும் என்று நினைத்துத் தயாராக வீடு திரும்புவதுதான் நல்லது.

இப்படிப் பட்டென்று சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டா எல்லாம் வராத காலத்தில், கக்குவான் உள்ளிட்ட மூன்று நோய்க்கான முத்தடுப்பு ஊசிதான் போடுவோம். தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போவேன். ஒரு தெருவில் உங்களைப் போலவே முதல் பிள்ளைக்காரி ஒருத்தி, "காய்ச்சல் வருமாக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணும் செய்யாதும்மா, பயப்படாதே" என்றேன். எப்படியாவது ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அன்று ராத்திரி பிள்ளைக்கு உடம்பு கொதித்திருக்கிறது. காலை அசைத்தாலே அலறியிருக்கிறது. அடுத்த மாதம் போனேன், கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்த மாதம் பாட்டி வாசலில் நின்றுகொண்டு, "ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னவதானே நீ?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் கக்குவான் இருமல் வந்தது. கைக்குழந்தைக்குக் கக்குவான் வந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய பிள்ளைகள் இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல் சத்தம் கேட்கும். கைக்குழந்தைக்கு அதற்குக்கூடத் தெம்பு இருக்காது. இருமி, இருமி, முகம் சிவந்து, பிறகு நீலம் பாரித்து, ஒரு கணம் மூச்சே நின்றுவிடும். பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கும் மூச்சு நின்றுவிடும். பிள்ளை பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அதன் பிறகு நான் எந்தத் தாயிடமும் "ஒண்ணும் செய்யாது" என்று சொன்னதில்லை. முதல் ஊசிக்கு வந்துவிட்டு இரண்டாவதுக்கு வராமல் நின்றுபோனவர்களில், ஊசியே கூடாது என்று கொள்கை வைத்திருந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த முதல் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பயந்தவர்கள்தான் பெரும்பாலானோர். அதனால் மற்றதைவிட அந்த ராத்திரியைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன், அன்றைக்கு என்னென்ன போடுவார்கள் என்று பார்த்துவிடலாம். வாய்வழியாக இரண்டு: போலியோ சொட்டு மருந்து, வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டா. ஊசி மூன்று. இடது தொடையில் பென்டா. இது தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் என ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இதை அரசுத் திட்டத்தில் கொண்டுவந்தார்கள். வலது தொடையில் நிமோகாக்கல் ஊசி, இதுவும் நிமோனியாவுக்கு எதிரானது. வலது மேல்கையில், தோலுக்குள், 0.1 மில்லி மட்டும் போலியோ ஊசி. மூன்று ஊசியா என்று மலைக்காதீர்கள். இரண்டரை மாதத்தில் பென்டா ஒன்றுதான் ஊசி, மற்றவை சொட்டு. மூன்றரை மாதத்தில் மறுபடி மூன்று ஊசி. அது முடிந்தால் ஒன்பதாம் மாதம் வரை ஊசி இல்லை.

ஊசி போடும்போது குழந்தையை மேசையில் கிடத்தாமல் மடியில் அணைத்து வைத்துக்கொள்ளுங்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் சரிதான். சொட்டு மருந்து கொடுத்தால் அரைமணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்படிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. குழந்தை சொட்டு மருந்தைக் கொடுத்த உடனே கக்கிவிட்டால் அங்கேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். பஸ் போய்விடும் என்று பலர் நழுவுவார்கள். நழுவாதீர்கள். தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை வருவது பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான் நடக்கும். நடந்தால் பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதற்கான மருந்து அங்கே கைவசம் இருக்கும், உங்கள் வீட்டில் இருக்காது.

இனி ராத்திரி. பென்டாவுக்குள் கக்குவான் கிருமியைக் கொன்று, முழுதாக வைத்திருக்கிறார்கள். உடம்பு அதைப் பார்த்து எதிரி வந்துவிட்டதென்று எழுந்து நிற்கிறது. அந்த ஆர்ப்பாட்டம்தான் காய்ச்சலும் வீக்கமும். பெரும்பாலும் அன்று சாயங்காலமே தொடங்கி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். தொடை வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும். வலி போனபிறகும் உள்ளே சின்னக் கட்டி போலச் சில வாரம் தட்டுப்படலாம். தானே கரைந்துவிடும். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வீக்கத்தின்மேல் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் தடவி நீவ வேண்டாம், மஞ்சள் பற்று, வசம்பு எதுவும் வேண்டாம்.

காய்ச்சல் மருந்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாராசிட்டமால் குழந்தைகளுக்கு இரண்டு விதமாக வருகிறது. சின்னப் புட்டியில் அளவுக் குழாயோடு வருகிற சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். பெரிய புட்டி சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. பெயர் ஒன்று, கனம் வேறு. 120, 125 சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்தால் சுமார் நாலு மடங்கு உள்ளே போய்விடும். ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதுதான் கணக்கு. நாலு கிலோ குழந்தை என்றால் சொட்டு மருந்தில் சுமார் அரை மில்லி. பெரியவர்கள் போடுகிற 500 மாத்திரையில் கால் பங்கு உடைத்துக் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் வீடுகளில் உண்டு. அந்தக் கால் பங்கே 125 ஆகிவிடுகிறது, இந்த வயசுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே புதன்கிழமை போகும்போது புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே எடை பார்ப்பார்கள். அந்த எடைக்கு, அந்தப் புட்டியில், எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் கணக்குப் போட வராது.

ஊசிக்கு முன்னாடியே முன்ஜாக்கிரதையாகக் கொடுத்து வைக்க வேண்டாம். காய்ச்சல் வந்தபிறகு கொடுத்தால் போதும். கம்பளி, தொப்பி, காலுறை என்று மூடி வைக்காமல் மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். பால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். குளிப்பாட்டுவதற்குத் தடை இல்லை. காய்ச்சல் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் துடைத்துவிட்டால் போதும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? வலிப்பு வந்தால், மூச்சுத் திணறினால், உடம்பு துவண்டு வெளுத்துப்போனால், எழுப்பினாலும் எழாமல் பால் குடிக்காமல் கிடந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் தேற்றவே முடியாமல் வீறிட்டு அழுதால், காய்ச்சல் 102-ஐத் தாண்டினால் அல்லது இரண்டு நாளாகியும் விடாவிட்டால். ரோட்டா கொடுத்த அடுத்தடுத்த நாள்களில் விட்டுவிட்டு வீறிடும் அழுகை, வாந்தி, மலத்தில் ரத்தமும் சளியும் தெரிந்தாலும் அப்படியே. மிக மிக அபூர்வம்தான், ஆனாலும் காத்திருக்கிற விஷயம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். ஓடுகிற அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104-இல் கேட்கலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இப்போது மாமியார். அவர் சொல்வதை முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை கொஞ்சம் பலமானபிறகு தாங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கக்குவான் அதிகம் கொல்வது அந்த முதல் மூன்று மாதத்துக் குழந்தைகளைத்தான். தாயிடமிருந்து வருகிற எதிர்ப்பு சக்தியில் தட்டம்மைக்கு எதிரானது பல மாதம் தாக்குப்பிடிக்கும், கக்குவானுக்கு எதிரானது அவ்வளவு காலம் நிற்காது. கர்ப்பகாலத்தில் உங்களுக்கு அரசு நிலையத்தில் போட்ட டி.டி. ஊசியிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்தான் மருந்து, கக்குவானுக்கு இல்லை. பிள்ளை தேறட்டும் என்று தள்ளிப்போடுகிற அந்த ஆறு வாரம்தான் பிள்ளைக்கு மிக ஆபத்தான ஆறு வாரம். இதை அவரிடம் வாதமாகச் சொல்லாமல் வேறு மாதிரி பேசிப் பாருங்கள். அவர் அறுபதை நெருங்கியவர் என்றால் மேல்கையில் பெரிய தழும்பு இருக்கும், அம்மை குத்திய தழும்பு. அவருடைய அம்மா அவரைத் தூக்கிக்கொண்டு போனதால் வந்த தழும்பு அது. பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. பாட்டிமார்கள் அந்தத் தழும்பைத் தொட்டுக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. அப்படியே புதன்கிழமை அவரையும் கூட அழைத்துப் போங்கள். கூட வந்தவருக்கு ராத்திரி உங்களோடு விழித்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கணவர் சொல்கிற "வலியில்லா ஊசி" என்பது பேர்தான். ஊசி குத்தினால் எந்த ஊசியும் வலிக்கும். அதில் கக்குவான் கிருமியை முழுதாக வைக்காமல் சில புரதங்களை மட்டும் பிரித்து வைத்திருப்பதால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. அது நல்ல ஊசிதான், ஏமாற்று இல்லை. ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. 1990-களில் அந்த வகைக்கு மாறிய அமெரிக்காவில் பிறகு கக்குவான் மறுபடி தலைதூக்கியது. 2010-இல் கலிபோர்னியாவில் மட்டும் பத்துக் கைக்குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு மாறியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், பாதுகாப்பு தேய்வதும் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஒரு ராத்திரிக் காய்ச்சலைத் தவிர்க்க ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டுமா என்றால், என் பேரனுக்கு நான் அரசு நிலையத்தில்தான் போட்டேன். வலிப்பு மாதிரி பிரச்சினை முன்பே இருந்து மருத்துவர் சொன்னால் கதை வேறு. தனியாரில் போட்டாலும் தேதி மட்டும் தள்ளக் கூடாது. பாதி இங்கே பாதி அங்கே போட்டாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே தடுப்பூசி அட்டையில் ஏற வேண்டும்.

அரசுத் திட்டத்தில் இல்லாத சில ஊசிகள் தனியாரில் உண்டு: ஆறு மாதத்துக்கு மேல் இன்ஃபுளுயன்சா, டைபாய்டு, ஒரு வயசுக்கு மேல் சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ. தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுகிற எம்.எம்.ஆர். கூட அங்கேதான். வசதி இருந்தால் போடலாம். கடன் வாங்கிப் போட வேண்டாம்.

"அரசு ஊசி தரமா இருக்குமா?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் மனசிலும் இருக்கும். பென்டா குப்பியின் லேபிளை நர்ஸ் காட்டினால் பாருங்கள். ஊதா நிற வட்டம் ஒன்று, அதற்குள் சின்னச் சதுரம் ஒன்று. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சூடு பட்டுப் பட்டுச் சதுரம் கருத்து, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சூடு மட்டும் எதிரி என்று நினைக்க வேண்டாம், பென்டா உறைந்துபோனாலும் வீண். அதனால்தான் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பெட்டியில் வைக்க மாட்டோம். கொஞ்சநேரம் வெளியே வைத்து, காதருகே ஆட்டிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் சலசலப்பது கேட்டபிறகுதான் பெட்டிக்குள் போகும். தட்டம்மை ஊசி தூளாக வரும், நீர் கலந்து நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குப்பியின்மேல் திறந்த நேரத்தை எழுதியிருப்பார்கள். நேரத்தைக் கேட்டால் எந்த நல்ல நர்ஸும் கோபிக்க மாட்டார். எங்களுக்கு உண்மையில் பிடிக்கும்.

லேசான சளி, மூக்கு ஒழுகல், இரண்டு தடவை தண்ணீராகப் போனது, இதற்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஏற்கெனவே நல்ல காய்ச்சல், அல்லது குழந்தை துவண்டிருக்கிறது என்றால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இல்லை. ஒரு ஊசி விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். "இவ்வளவு லேட்டா வர்றியே" என்று திட்டு விழும் என்று பயந்தே வராமல் போகிறவர்கள் உண்டு. திட்டினால் வாங்கிக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பிறந்த அன்று இடது கையில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி இடத்தில் இந்நேரம் சின்னக் கொப்புளம் கிளம்பியிருக்கலாம். சீழ் மாதிரி வந்து, உடைந்து, பொருக்குத் தட்டித் தழும்பாகும். அது அப்படித்தான் ஆற வேண்டும். களிம்பு, பவுடர், கட்டு எதுவும் வேண்டாம். தழும்பு விழவே இல்லையென்றாலும் மறுபடி போட வேண்டியதில்லை. அக்குளில் பெரிய கட்டி வந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, நிமோகாக்கல் பூஸ்டர், போலியோ ஊசி மூன்றாவது, வைட்டமின் ஏ. சில மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு. தட்டம்மை ஊசிக்கு மட்டும் காய்ச்சல் அன்றைக்கு வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம், திகைக்காதீர்கள். அதை ஏன் இவ்வளவு தள்ளிப் போடுகிறோம் என்றால், அதற்கு முன் தாய் கொடுத்த எதிர்ப்பு சக்தியே அந்த ஊசியை வேலை செய்ய விடாது. ஒன்பதாம் மாதத்தில் போட்டாலும் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு அது வேலை செய்யாமல் போகிறது. ஒன்றரை வயசில் இரண்டாவது போடுவது அதற்காகத்தான். நடக்க ஆரம்பித்துவிட்டது, இனி என்ன என்று பலர் கோட்டை விடுவது இந்த ஒன்றரை வயசு ஊசியைத்தான்.

2017-இல் இந்த ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. மலட்டுத்தன்மை வரும், ஆட்டிசம் வரும் என்று வாயில் வந்ததெல்லாம் பரவியது. ஆட்டிசக் கதை 1998-இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் கிளப்பியது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமில்லை என்று 2019-இல் சொன்னார்கள். வதந்தி நின்றதா? இல்லை. பக்கத்தில் கேரளத்து மலப்புரத்தில் 2016-இல் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் இறந்தார்கள் என்ற செய்தியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

அட்டையைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் லேமினேட் செய்யாதீர்கள். ஒரு தந்தை அக்கறையாக லேமினேட் செய்து கொண்டுவந்தார். அடுத்த ஊசியை எங்கே எழுதுவது என்று நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது யூ-வின் என்ற அரசின் இணையப் பதிவேட்டில் பதிவாகிறது, உங்கள் போனுக்கும் தகவல் வரும். இருந்தாலும் அட்டை வேண்டும். கிளம்புமுன் அடுத்த தேதியை எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைச் செவ்வாயோடு முடித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை தொடை வழுக்கினால் ஊசி போடுகிறவள் பாடு திண்டாட்டம்.